பக்கத்து வீட்டுக்கு உதவப் போனால் "மதம் மாற்ற வருகிறார்களோ" என்று பயப்படுகிறார்கள். என்ன செய்வது?

பாளை ஜெபா (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஒரு விஷயத்தில் யோசனை வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் நாங்கள் ஒரே கிறிஸ்தவக் குடும்பம். பக்கத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி. பெரியவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் சரியாக வரவில்லை. அந்த அம்மாதான் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கே சர்க்கரை, முழங்கால் வலி. மகன் பெங்களூரில், மகள் வெளிநாட்டில். பணம் அனுப்புகிறார்கள், தினமும் வீடியோ காலில் பேசுகிறார்கள். ஆனால் நடு ராத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லை.

என் அம்மா அவ்வப்போது கஞ்சி, ரசம் கொண்டுபோய்க் கொடுப்பார். நான் மாத்திரை வாங்கிக் கொடுப்பேன், சிலிண்டர் மாற்றிக் கொடுப்பேன். போன வாரம் மகன் ஊருக்கு வந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க செய்றதுக்கெல்லாம் ரொம்ப நன்றி தம்பி. ஆனா ஜெபம், புத்தகம் அந்த மாதிரி எதுவும் வேண்டாம். அப்பா பக்தியா இருந்தவர்" என்றார். நாங்கள் அப்படி எதுவும் செய்யவே இல்லை. அம்மாவுக்கு மனசு வலித்துவிட்டது. இனி போக வேண்டாமோ என்கிறார்.

இன்னொரு பக்கம், எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது, "இவ்வளவு நாள் போயும் சுவிசேஷம் சொல்லவில்லையா?" என்று கேட்டார்கள். சபையில் உதவி நிதி இருக்கிறது, அது சபை அங்கத்தினர்களுக்கு மட்டும் என்றார்கள். எனக்கு எந்தப் பக்கமும் சமாதானம் இல்லை. பிறனிடத்தில் அன்புகூரு என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. இந்த ஒரு வீட்டில் அதை எப்படிச் செய்வது?

ஜெபவீரன்77

பிரதர், உங்கள் பாரத்துக்காக முதலில் தேவனுக்கு நன்றி. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியவருக்கு இன்னும் எத்தனை நாள் என்று நமக்குத் தெரியாது. அவர் உடம்பைப் புரட்டிவிட்டு, ஆத்துமாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வருவது பாதி அன்புதான். மகனுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளாதீர்கள். ஜெபத்தோடு போங்கள், தருணம் கிடைக்கும்போது பேசுங்கள்.

வீட்டுச் செவிலி

தம்பி, நான் வேலூரில் படித்த நர்ஸ். இப்போது படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். விவாதம் அப்புறம் நடக்கட்டும், முதலில் பெரியவர்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கும் பக்கத்தை மாற்ற வேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் இந்த மூன்று இடத்தையும் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். நிறைய வீடுகளில் பாசத்தில் தேய்த்துத்தான் புண்ணாக்குகிறார்கள். ஏர் பெட் (காற்று மெத்தை) வாடகைக்குக் கிடைக்கும். தூக்கும்போது விழுந்துபோன கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். கஞ்சி கொடுப்பதாகச் சொன்னீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்துக் கொடுங்கள், கொடுத்து அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். குடிக்கும்போது இருமுகிறார் என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர் மாதிரி இருப்பதைவிடக் கூழ் பதத்தில் இருப்பது சிலருக்கு எளிதாக இறங்கும், ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் இருந்து நடக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் படுக்கை நோயாளிகளுக்கான பராமரிப்பும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரியவர் பெயரும் அந்த அம்மா பெயரும் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. எல்லாரும் நோயாளியைப் பார்க்க வருவார்கள், பார்த்துக்கொள்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. அந்த அம்மா மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினால் அதைவிடப் பெரிய உதவி அந்த வீட்டுக்குக் கிடையாது.

நாசரேத் டீச்சர்

ஜெபா தம்பி, உன் அம்மாவிடம் வருத்தப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அந்தப் பையன் பயப்படுவதற்கு நம் மாவட்டத்தில் பழைய காரணம் இருக்கிறது.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். திருநெல்வேலிச் சீமையில் மிஷன்கள் கஞ்சித் தொட்டி வைத்தன, அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தன. எங்கள் நாசரேத்தில் கைத்தொழிற்பள்ளி 1878ல் தொடங்கியதே அந்தப் பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்றுதான். அதே காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் 'சோற்றுக் கிறிஸ்தவர்கள்' என்று பட்டம் கட்டினார்கள். அது அநியாயமான பேச்சு. பசியில் தன்னைத் தேடி வந்தது யார், தன்னை மனுஷனாக மதித்தது யார் என்று பார்த்து ஒருவன் ஒரு பக்கம் சேர்ந்தால் அதில் என்ன கேவலம்? ஆனால் உதவிக்குப் பின்னால் வேறு நோக்கம் இருக்குமோ என்ற சந்தேகமும் அங்கிருந்தே கூட வருகிறது. நீ ஒரு தப்பும் செய்யாமலே அதைச் சுமக்கிறாய். அதை விவாதம் செய்து இறக்க முடியாது. வருஷக் கணக்கில் பக்கத்தில் இருந்துதான் இறக்க முடியும்.

சபை நிதி பற்றி எனக்குக் கோபமே வருகிறது. என் பாட்டி காலத்தில் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், கைப்பிடி அரிசி. இல்லாத வீட்டுப் பெண்கள் கொடுத்த அரிசி அது. மிசோரத்திலும் 1910ல் இருந்து அங்குள்ள பெண்கள் இதைச் செய்கிறார்கள். அப்படிச் சேர்ந்த வழக்கத்தில் வந்தவர்கள், அங்கத்தினர் அட்டையைப் பார்த்துத்தான் கொடுப்போம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவர்களைப் பிடிக்காதவன். 362ல் அவனே தன் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் பார்த்துக்கொள்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொள்கிறான். எதிரி நம்மைப் பற்றிச் சொன்ன சாட்சி அது.

தாமிரபரணிக்காரன்

வணக்கம். நான் கிறிஸ்தவன் இல்லை. நண்பர் ஒருவர் இந்த இழையை அனுப்பினார். வாங்கும் பக்கத்தில் நின்றவன் என்பதால் ஒன்று சொல்லலாமா?

2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் ஊர் தனித் தீவாகிவிட்டது. அப்போது ஒரு சர்ச் ஐயர், அதாவது போதகர், வீட்டு மாடியில் இருந்தோம். ஐயரம்மா தன் சேலைகளை எடுத்து எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்தார். காலையில் அவர்கள் குடும்ப ஜெபம் ஒரு அறையில் நடந்தது, நாங்கள் இன்னொரு அறையில் இருந்தோம். யாரும் எங்களைக் கூப்பிடவும் இல்லை, அவர்கள் ஜெபத்தை எங்களுக்காக மறைக்கவும் இல்லை. என் அம்மா இன்று வரைக்கும் அந்த ஐயரம்மாவுக்குப் பொங்கலுக்குக் கரும்பு அனுப்புகிறார்.

வெள்ளம் வடிந்த பிறகு வெளியூரில் இருந்து ஒரு குழு வந்தது. ஐந்து கிலோ அரிசி, பருப்பு, எண்ணெய். பைக்குள் துண்டுப் பிரசுரம். பையைக் கையில் பிடித்தபடி போட்டோ. அரிசி எங்களுக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் அதை வாங்கும்போது அம்மா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. யாராக இருந்தாலும், அரசியல் கட்சியாக இருந்தாலும், இதே கதைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே மழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் வெள்ளத்துக்கு நடுவே சமைத்துப் போட்டார்கள். யார் என்ன சாமி கும்பிடுகிறவர் என்று பார்த்தா போட்டார்கள்?

ஜெபவீரன்77

நண்பரே, நீங்கள் சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டேன். போட்டோ எடுப்பதை நானும் வெறுக்கிறேன், இடது கைக்குத் தெரியக் கூடாது என்றுதான் ஆண்டவர் சொன்னார். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை கிறிஸ்து. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு கஞ்சி மட்டும் கொடுத்தால் நான் அந்தப் பெரியவரை நேசிக்கிறேனா? வீட்டுச் செவிலி அக்கா படித்த வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டிய ஐடா ஸ்கடர் அம்மையார் மிஷனரி இல்லையா?

வீட்டுச் செவிலி

மிஷனரிதான், அதை ஒருநாளும் மறைக்கவில்லை. ஆனால் அவர் எப்படி டாக்டரானார் என்று பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு ஒரு இந்துக் குடும்பத்தவர். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவத்தில் உயிர் போகிற நிலைமை. ஐடாவின் அப்பா டாக்டர், ஆனால் ஆண் என்பதால் அவரை அனுமதிக்க முடியாது என்றார்கள். மருத்துவம் படிக்காத ஐடாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த வழக்கம் தப்பு என்று அவர் அந்த வீடுகளில் போய்ப் பிரசங்கம் செய்யவில்லை. அமெரிக்காவுக்குப் போய் 1899ல் மருத்துவம் படித்து முடித்தார், 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார், 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அந்தக் குடும்பங்களுக்கு என்ன தேவையோ, அவர்கள் எந்த நிபந்தனையோடு கேட்டார்களோ, அதற்குத் தக்கபடி தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். நான் வேலை செய்யும் வீடுகளில் சிலர் "உங்க சாமிகிட்ட எனக்காக வேண்டிக்கோ" என்று தாங்களே கேட்பார்கள். அப்போது கூச்சமில்லாமல் ஜெபிப்பேன். கேட்காதபோது வாயால் பேச முடியாமல் கிடக்கிறவர் முன்னால் ஜெபிக்க மாட்டேன். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது இல்லையா.

முத்துநகரான்

தூத்துக்குடியில் இருந்து எழுதுகிறேன், கத்தோலிக்கன். ஜெபவீரன் தம்பியின் ஆர்வத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். லூக்கா நற்செய்தியை மட்டும் கொஞ்சம் முன்னும் பின்னும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

நல்ல சமாரியன் உவமை 10ஆம் அதிகாரம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை, யூதர்கள் ஒதுக்கிய சமாரிய ஜனத்தான் ஒருவன் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் கதை. அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் ஒரு சமாரியக் கிராமம் இயேசுவுக்கு இடம் கொடுக்க மறுக்கிறது. யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை வரவழைக்கலாமா என்று கேட்டுத் திட்டு வாங்குகிறார்கள். அப்படி விரட்டிய ஜனத்தில் ஒருவனைத்தான் அவர் அடுத்த அதிகாரத்தில் நமக்கு முன்மாதிரியாக நிறுத்துகிறார். மகன் சொன்ன ஒரு வார்த்தைக்கு நம் மனசு இவ்வளவு வலிக்கிறதே என்று நினைத்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

17ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள். பத்துப் பேரும் குணமாகிறார்கள், ஒருவன்தான் திரும்பி வந்து மகிமைப்படுத்துகிறான். அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்கிறார், வருத்தப்படுகிறார். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி, அந்தப் பெரியவர் கடைசி வரை தன் சாமியையே கும்பிட்டுக் கண்ணை மூடினாலும் நீங்கள் அவருக்குச் செய்தது வீணாகாது.

நடைமுறைக்கு ஒன்று. எங்கள் பங்கில் (எங்கள் கோவிலுக்கு உட்பட்ட பகுதியில்) வின்சென்ட் தே பவுல் சபை என்ற உதவிச் சங்கம் இருக்கிறது. 1833ல் பாரிஸில் ஓசானாம் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. இரண்டு இரண்டு பேராக வீட்டுக்குப் போவோம், போய் உட்கார்ந்து கேட்போம். என்ன கொண்டுபோவது என்பதை முதல்நாளே நாங்களாக முடிவு செய்வதில்லை. ஜெபா தம்பி, அந்த அம்மாவிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று நேராகக் கேட்டாயிற்றா? மகனிடமும் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் ஒன்றும் செய்ய வேண்டாம்.

கிழக்குத்தெரு

எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது.

என் அம்மா பல வீடுகளில் படுத்த படுக்கையானவர்களைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டவர். அதில் கிறிஸ்தவ வீடுகளும் உண்டு, எங்கள் சபைக்காரர்களே. அந்த வீடுகளில் அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கோவிலில் கம்யூனியன் (திருவிருந்து) மட்டும் ஒரே பாத்திரம். அம்மா இறந்தபோது எங்கள் தெருவுக்குள் வந்து மண் போட்டவர்கள் யார், தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833ல் சபைக்குள் சாதி உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை ஏற்காமல் விலகிப்போனவர்கள் எத்தனையோ பேர். அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகச் சுவர் எழுப்பினார்களே. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதில் 2008 மார்ச்சில் கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர். இந்து அண்டை வீட்டார் நம்மை என்ன நினைப்பார்கள் என்று இவ்வளவு கவலைப்படுகிறோம். ஒரே கர்த்தரைக் கும்பிடும் அடுத்த தெருக்காரன் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பேசியிருக்கிறோமா?

ஜெபா, நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்த வீட்டுக்குச் சீக்கிரம் ஒரு ஆள் வைப்பார்கள். வருகிற பெண் எந்தத் தெருவில் இருந்து வருவார் என்று எனக்கு இப்போதே தெரியும். அவரும் உங்கள் பிறன்தான். சமாரியன் சத்திரக்காரனிடம் இலவசமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கூலியை முன்பணமாக வைத்தான், கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான்.

நாசரேத் டீச்சர்

கிழக்குத்தெரு தம்பி, நீ சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் மறுக்க மாட்டேன். எங்கள் பக்கம் அசனப் பண்டிகையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், எல்லா மதத்தவரும் வருகிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்கிறோம். மறுநாள் கல்யாணப் பேச்சு வந்தால் முதல் கேள்வி என்ன ஆள் என்பதுதான். உன் அம்மாவைப் பற்றி இன்னும் எழுது, படிக்க ஆசையாக இருக்கிறது.

ஜெபவீரன்77

கிழக்குத்தெரு அண்ணா, படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியவில்லை. எங்கள் ஜெப ஐக்கியத்தில் இதை அடுத்த கூட்டத்தில் எடுக்கப் போகிறேன். சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில் இருந்து போகிற சுவிசேஷத்தை யார் நம்புவார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாளை ஜெபா

அனைவருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

முத்துநகர் அண்ணன் சொன்னபடி மகனுக்குப் போன் செய்தேன். "அண்ணே, நாங்க கிறிஸ்தவங்கதான், அது உங்களுக்கே தெரியும். அப்பாகிட்ட மதம் பத்திப் பேச மாட்டோம், அது என் வாக்கு. என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், கூட வேலை பார்க்கும் ஒருவர் வீட்டில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்து நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னார். அவர் பயத்துக்குக் காரணம் அதுதான். எங்களைப் பற்றி இல்லை.

அந்த அம்மாவிடமும் கேட்டேன். கஞ்சி அவருக்கு அவ்வளவு முக்கியமாக இல்லை. பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், இவரை எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்ற கவலையில் இருந்திருக்கிறார். தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வைத்து எடுத்துவிட்டார். அடுத்தது சவரம். வாரக்கணக்காகத் தாடி வளர்ந்து அரித்துக்கொண்டு இருந்திருக்கிறது, அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நானே செய்துவிட்டேன். ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நான் போய் உட்காருவது, அந்த அம்மா உள் அறையில் தூங்குவது என்று பேசியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் சாமிக்கு விளக்கேற்றும் நாள். நான் இருப்பதால் விளக்கேற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

கிழக்குத்தெரு அண்ணா, நீங்கள் சொன்னபடியே பகலுக்கு ஒரு அக்காவை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முதல் நாளே திண்ணையில் தனி டம்ளர் வந்தது. அது அவர்கள் வீடு, நான் சத்தம் போட முடியவில்லை. என் அம்மா அந்த அக்காவை மத்தியானம் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, எங்களோடு உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அது தெரியும். மகனிடம் சம்பளத்தோடு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் பேசி வாங்கிவிட்டோம். அந்த அக்கா வேறொரு சபைக்குப் போகிறவர். ஞாயிறு ஆராதனைக்கு இனி அவரால் போக முடியும். நாங்கள் காலை முதல் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறோம். ஐயரிடம் நிதி விஷயம் மறுபடியும் பேசினேன், கமிட்டியில் வைக்கிறேன் என்றிருக்கிறார்.

செவிலி அக்கா, ஒரு சந்தேகம். இடது குதிகாலில் லேசாகச் சிவப்பு இருக்கிறது. தோல் கிழியவில்லை.

கிழக்குத்தெரு

டம்ளர் விஷயத்தை விட்டுவிடாதீர்கள், ஜெபா. அந்த அம்மா உங்களை நம்பத் தொடங்கியபிறகு ஒருநாள் பக்குவமாகப் பேசுங்கள். பேச உரிமை உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். அந்த அக்காவால் பேச முடியாது.

வீட்டுச் செவிலி

விரலால் அழுத்திப் பார்த்து எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ஆரம்ப நிலைதான். அழுத்தியும் வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் தொடங்குகிறது என்று அர்த்தம், நாளைக்கே சுகாதார நிலையத்தில் சொல்லி நர்ஸை வரச் சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள். முழங்காலுக்கு நேர் அடியில் மட்டும் வைக்க வேண்டாம். இதை அந்தப் பகல் நேர அக்காவுக்கும் கூட நின்று காட்டிக் கொடுங்கள், அவர்தான் அதிக நேரம் இருக்கிறார். போட்டோ எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், பெரியவர் முகம் வேண்டாம், கால் மட்டும்.